கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள்

கொழும்பு ஏலத்தில் இலங்கைத் தேயிலை வாங்கி லண்டனிலும் சிட்னியிலும் ஹம்பர்க்கிலும் விற்கிற கம்பெனிகளின் கொள்வனவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. தோட்டங்களில் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க நீங்கள் அனுப்புகிற கணக்காய்வாளர்களைத் தெரியும். மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அவர்கள் வந்தபோது மூன்று தடவை மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், எனக்கு இங்கிலீஷும் வரும், அதனால் கூப்பிட்டார்கள். காசும் பகல் சாப்பாடும் குறையில்லாமல் தந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் போன தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், வாடை இன்னும் போகவில்லை. மலையில் ஆறு பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவர்களைத் தெரிந்தெடுத்தவர், மலையில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை. நாலடி தள்ளி, போனைப் பார்க்கிற மாதிரி அவர் நின்றார். கணக்காய்வுக்கு வந்திருந்த அம்மணி நல்ல மனுஷிதான். கையிலிருந்த தாளைப் பார்த்து, உங்களை யாராவது கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா என்று கேட்டார். நானும் அப்படியே தமிழில் கேட்டேன். முன்னால் நின்ற அக்கா சிரித்துவிட்டார்.

"யாரு தம்பி கட்டாயப்படுத்துறா? நாங்களாத்தானே பிரட்டுக்கு வாறோம்."

பிரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடுகிற இடம். தாளில் 'இல்லை' என்று விழுந்தது.

சாயந்தரம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு இறங்குகிற பாதையில் அதே அக்காவைக் கண்டேன். "அது சரி தம்பி, நாங்க யாரும் வேலைக்கு வராம இருந்தா காம்பராவ விட்டுப் போகச் சொல்லுவாங்களான்னு அவங்க கேக்கவே இல்லயே" என்றார்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. லயத்தில் குடியிருக்கிற அறையான லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்டால்தான் அதில் நிம்மதியாக இருக்கலாம். பல இடங்களில் நம் பெயருக்கு வருகிற கடிதம்கூட தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வருகிறது. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், கும்பிடுகிற மாரியம்மன், தாத்தாவைப் புதைத்த இடம் எல்லாம் அதே எல்லைக்குள். இப்படியான இடத்தில் ஒருத்தியை வேலைக்கு வரவைக்க யாரும் பிரம்பு எடுக்க வேண்டியதில்லை.

அடிமைகள் என்று எங்களைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும். எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி இல்லை, தோட்டத்தை நடத்துகிற துரைமாரில் நியாயமானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேச தொழில் அமைப்பு வைத்திருக்கிற பதினொரு அறிகுறிகளைப் படித்துப் பாருங்கள். ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்துவது, கடனில் கட்டிப்போடுவது, கூலியைப் பிடித்துவைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டாய உழைப்புக்கு எதிரான அந்த அமைப்பின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறையை இலங்கை 2019 இல் ஏற்றுக்கொண்டது. நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாடா 2021 இல் இங்கே வந்து போனபின் எழுதிய அறிக்கையில் மலையகத் தோட்டங்களும் வருகின்றன. உங்கள் தாளில் இருப்பதோ ஒரே கேள்வி, அதுவும் சிரிப்பு மூட்டுகிற கேள்வி.

அப்புறம் நிறுவை. அன்று பகல் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓர் அம்மாவின் கொழுந்து 9 கிலோ காட்டியது, புத்தகத்தில் 7 என்று எழுதினார்கள். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. 18 கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அந்த அம்மாவுக்கு அன்று புத்தகத்தில் 16 தான் ஏறியது. ஆகவே அரைப்பேர். கழித்த கொழுந்தை யாரும் கீழே கொட்டவில்லை. அதுவும் பெக்டரிக்குப் போய், வாடி, அரைபட்டு, கொழும்பு ஏலத்துக்கு வந்தது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை. கூலி கொடுக்காத அந்தத் தேயிலையை உங்களில் யாரோ வாங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஆளையும் கடனையும் சேர்த்தே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்குச் சம்பளச் சீட்டு. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, அது நியாயம். அதற்குக் கீழே தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோவில், தேயிலைத் தூள், இன்னும் என்னென்னவோ. அம்மாவின் பழைய சீட்டுகளை நான் வைத்திருக்கிறேன். சில முழுக்க இங்கிலீஷில் இருக்கின்றன. கைநாட்டு வைத்து வாங்கியவருக்கு அதில் தெரிந்தது கடைசி வரியிலுள்ள எண் மட்டும்தான்.

கூலி ஏறவில்லையா என்று கேட்பீர்கள். ஏறியது. 2021 இல் நாளுக்கு 1,000 ரூபாய், 2024 இல் 1,350. இரண்டு தடவையும் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஆனால் அரைப்பேர் விழுந்தால் எத்தனை ரூபாய் ஏறினாலும் அதில் பாதிதான். இப்போது நிரந்தரப் பேர் இல்லாமல் கிலோக் கணக்கில் கைக்காசுக்கு ஆள் எடுப்பதும் கூடிவருகிறது. அவர்களில் எத்தனை பேர் உங்கள் அறிக்கையில் வருகிறார்கள்?

அறிக்கை எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். பிரித்தானியாவின் 2015 சட்டப்படி வருஷத்துக்கு 3 கோடி 60 லட்சம் பவுணுக்கு வியாபாரம் செய்கிறவர்கள், ஆஸ்திரேலியாவின் 2018 சட்டப்படி 10 கோடி ஆஸ்திரேலிய டொலர் வருமானம் உள்ளவர்கள், ஆண்டுதோறும் நவீன அடிமைத்தன அறிக்கை வெளியிட வேண்டும். கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2027 டிசம்பரிலிருந்து சந்தைக்குள் விடாது. நல்ல சட்டங்கள்தான். எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. சிக்கல் தெரிந்ததும் வேறு நாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் போய்விட்டால், அந்த அக்காவுக்கு அரைப்பேரும் இல்லை. வாங்குவதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. தராசுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள். நிறுவையில் கழிப்பதை நிறுத்தச் சொல்லும்போது அதற்கான விலையையும் சேர்த்துக் கொடுங்கள். மலிவாகவும் வேண்டும், சுத்தமாகவும் வேண்டும் என்றால் துரை சுண்ணாம்புதான் அடிப்பார்.

அடுத்த முறை வரும்போது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடாதீர்கள். என்னை எல்லாத் துரைமாருக்கும் தெரியும். பதுளைப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவாருங்கள். சம்பளம் போட்ட மறுநாள், கடைசி நிறுவை முடிந்து எல்லோரும் லயத்துக்கு இறங்குகிற நேரம் நல்லது. அந்தப் பாதையில் இரத்தம் உறிஞ்சுகிற அட்டை இருக்கும், காலில் தடவ சவர்க்காரம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து, ஒரு கொழுந்துக்காரியின் மகன்