கிளியூர் அருவிப் பள்ளத்தாக்கைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப் பரிந்துரை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள கிளியூர்ப் பகுதிக் குடியிருப்போர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம் – 636 001.

பொருள்: சேர்வராயன் மலை – கிளியூர் அருவிப் பள்ளத்தாக்கு – உயிரினப் பதிவேடு தயாரித்தல், விளிம்பில் நடக்கும் மண்வேலைகளை நிறுத்தி வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர், அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 300 அடி உயரப் பாறையிலிருந்து கிளியூர் அருவியாக விழுகிறது. அருவியைக் காண ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள். ஆனால் அருவிக்குக் கீழே, இருபுறமும் செங்குத்துப் பாறைகள் சூழ இறங்கிச் செல்லும் பள்ளத்தாக்கைப் பற்றி அக்கறை கொள்வோர் மிகச் சிலரே. இம்மனு அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றியது.

சேர்வராயன் மலை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான சார்னோக்கைட் பாறையால் ஆனது. அடிவாரத்தில் முட்புதர்க்காடு, நடுச்சரிவில் கோடையில் இலை உதிர்க்கும் காடு, மேலே ஈரம் காயாத சோலைகளும் சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களும் எனச் சில மணி நேர நடைக்குள் மூன்று வேறு உலகங்களைக் காணலாம். இந்த மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறுதான் சேலம் நகரின் நடுவே ஓடிக் காவிரியில் கலக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இம்மலைக்கே உரிய உயிர்கள் சில உண்டு. 1863-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஷார்ட் கேடயவால் பாம்பு அவற்றுள் ஒன்று. ஈர மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழுவைத் தின்னும் இப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. ஆயினும் மழைக்காலத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும்போது வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது, அல்லது பாம்பு என்ற ஒரே குற்றத்திற்காக அடித்துக் கொல்லப்படுகிறது. ஏற்காட்டின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு பல்லி ஒன்று 2000-ஆம் ஆண்டில்தான் உலகுக்கு அறிமுகமானது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவை, அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அதைத் தேடி வெளியூர்களிலிருந்து பறவை ஆர்வலர்கள் இம்மலைக்கு வருகிறார்கள். நாங்கள் பழக்கத்தில் காட்டெருமை என்று சொல்லும், உண்மையில் எருமை இனமே அல்லாத காட்டு மாடு, கோடையில் தண்ணீர் தேடித் தோட்டங்கள் வழியாக இறங்குகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது.

கடந்த சில ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் விடுதிகளுக்காகவும் பார்வை மேடைகளுக்காகவும் பொக்லைன் கொண்டு மண் வெட்டிச் சமன் செய்யப்படுவதை நாங்கள் கண்டு வருகிறோம். வெட்டிய மண் சரிவிலேயே தள்ளப்படுகிறது. அடுத்த மழையில் அது ஓடைக்குள் இறங்கிவிடுகிறது. கேடயவால் பாம்பு போன்ற மண்வாழ் உயிருக்கு மேல்மண்தான் வீடு என்பதால், இங்கே ஓரடி மண்ணை வெட்டுவதும் சமவெளியில் ஓரடி வெட்டுவதும் ஒன்றாகா. அருவிக்கு இறங்கும் பாதையிலும் அடியிலுள்ள பாறைகளிலும் உடைந்த மதுப்புட்டிகள் கிடக்கின்றன. ஏரியைச் சுற்றியுள்ள கட்டடங்களின் கழிவுநீர் ஏரியில் சேர்ந்தால், வழிந்தோடும் நீரோடு அதுவும் இப்பள்ளத்தாக்கில்தான் வந்து விழும்.

எங்களுள் பலர் தோட்டத் தொழிலாளர்கள். சிலர் சுற்றுலாவை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள். அருவியை மூட வேண்டும் என்றோ, எங்கள் நடைபாதைகளை அடைக்க வேண்டும் என்றோ நாங்கள் கேட்கவில்லை.

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002-இன் 37-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர் முக்கியத்துவம் கொண்ட இடங்களைப் பாரம்பரியத் தலங்களாக மாநில அரசு அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கிளியூர்ப் பள்ளத்தாக்கிற்கும் அத்தகைய அறிவிப்பைப் பெற, மாநிலப் பல்லுயிர் வாரியத்திற்குத் தாங்கள் முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. அதற்கு அடிப்படையாக, உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் வனத்துறையும் இணைந்து, மழைக்காலம் ஒருமுறை, கோடை ஒருமுறை என இரு பருவங்களிலும் பள்ளத்தாக்கில் இறங்கி ஆய்ந்து, இங்குள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டைத் தயாரிக்க ஆணையிட வேண்டுகிறோம். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருப்பதால், தாவரங்களை அடையாளம் காண வெளியூர் வல்லுநர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஓடையில் எந்த மாதம் காட்டு மாடு இறங்கும் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வருவது எங்கள் பொறுப்பு.

பதிவேடு முடியும்வரை, பள்ளத்தாக்கின் விளிம்பில் புதிய மண்வேலை எதற்கும் அனுமதி வழங்காமலும், நடப்பவற்றிற்கு மலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதி உள்ளதா என்று நேரில் தணிக்கை செய்தும், அருவிப் பாதையின் தொடக்கத்தில் கண்ணாடிப் புட்டிகளைச் சோதிக்க ஆள் நிறுத்தியும் உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தணிக்கை நடந்தால், சரிவில் தள்ளிய மண் ஓடையில் இறங்குவதற்குள் அதை அகற்ற வழி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளியூர்ப் பகுதிக் குடியிருப்போர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்; மண்வேலை நடைபெறும் இடங்களின் புகைப்படங்கள்.