நசுங்கிய கூஜா

அன்புள்ள கயல்,

போன ஞாயிறு தொலைபேசியில் நீ அலுத்துக்கொண்டது காதிலேயே நிற்கிறது. "நாள் முழுக்க உடைந்த பானை ஓடுகளைப் பார்த்து வரைகிறேன் அப்பா. இதில் என் கை எங்கே இருக்கிறது?" முப்பது வருடம் ஓவிய வகுப்பு எடுத்தவன், அந்த நேரத்தில் வாயடைத்துப் போனேன்.

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 'இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' என்று, பழைய கைவினைப் பொருள்களைப் பார்த்து அப்படியே வரைந்த படங்களின் தொகுப்பு இருக்கிறது. ஒரு வாரமாக அதன் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலத்தில், 1935இல், பிழைப்பின்றி நின்ற ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்துத் தொடங்கிய வேலை. கூரையில் காற்றின் திசை காட்டும் செப்புச் சேவல், சுருட்டுக்கடை வாசலில் நிற்கும் மரப்பொம்மை, பென்சில்வேனியா ஜெர்மானியரின் பூப்போட்ட பெட்டி, ஒட்டுத்துணிப் போர்வை என்று 1942 வரை வரைந்து தள்ளியிருக்கிறார்கள். மொத்தம் 18,000க்கும் மேல். அந்த மண்ணின் பூர்வகுடிகள் செய்த பொருள்களைச் சேர்க்காமல் விட்டதில் எனக்கு மனத்தாங்கல்தான்.

இதற்கு வித்திட்ட இருவரில் ஒருவரான ரூத் ரீவ்ஸ் துணி வடிவமைப்பாளர். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து நம் கைவினைகளை ஆராய்ந்தார். 1966இல் டெல்லியிலேயே காலமானார்.

எகிப்தியக் கல்லறைச் சுவர்களைப் படியெடுத்தவர்களின் நீர்வண்ண முறையைத்தான் இவர்களும் கற்றார்களாம். உன் தொழிலுக்குப் பங்காளிகள்! ஒரு போர்வையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் இழுத்த இடத்தில் துணி புடைத்து நிற்கிறது. பெட்டிகளில் சாயம் உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே, இரும்பில் துரு துருவாகவே இருக்கிறது. ஒருவரும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவில்லை. கை துறுதுறுத்திருக்குமே, எப்படி அடக்கினார்கள்?

அந்த வேகத்தில் நேற்று பாட்டியின் பித்தளைக் கூஜாவை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பளபளப்பு சுலபமாக வந்துவிட்டது. அடியில் நசுங்கிய இடம்தான் வரவில்லை. நாலு வயதில் நீ மாடிப்படியில் உருட்டிவிட்டாயே, அந்த நசுங்கல். என்னையறியாமல் அதை உருண்டையாக்கிவிடுகிறேன். மூன்று தாள் வீணானது. அம்மா சிரிக்கிறாள்.

நான்காவது தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். நிழலுக்கு முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததை வைப்பாயா, ஈரத்திலேயே வைப்பாயா? ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சொல். அதுவரை கூஜாவை மேசையிலிருந்து எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா