மாமாவின் மரங்களில் ஏறியவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, நண்பர்களே,

காலமான மாமாவுக்காக, என் மாமனாருக்காக, நடந்த ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. பிலிப்பைன்ஸின் லெய்டே தீவுப் பக்கத் துக்க வீடுகளில், வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது என்பார்கள். அப்படி யாரையும் வழியனுப்பாமல், வாய் திறந்து சொல்லாமல் வைத்திருந்த நன்றியை இப்போதுதான் எழுத முடிகிறது. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை.

முதலில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். மாமாவின் கும்பாரே அவர். அதாவது என் கணவருக்கு ஞானத்தகப்பன், பக்கத்துத் தோப்பில் கள் இறக்குபவர். மாமாவை வீட்டில் கிடத்தியிருந்த நாளெல்லாம், யாரும் கேட்காமலே, காலையும் மாலையும் மாமாவின் மரங்களில் ஏறிப் பாளை சீவினார்.

தென்னையோடு பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். விரியாத பாளையை மாமா கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாளுக்குக் கொஞ்சமாக வளைத்து, நுனி கீழே பார்க்கும்படி பழக்குவார். அவசரப்பட்டால் அடியில் முறிந்துவிடும். பழகிய பாளையில் காலையில் ஒரு மெல்லிய சீவல், மாலையில் ஒன்று. தடிமனாக எடுத்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். அரிவாள் மழுங்கியிருந்தால் சதை நசுங்கி ஊறல் அடைபடும். இரண்டு மூன்று நாள் சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். அப்புறம் அதை மீட்பது பெரும்பாடு. பெரும்பாலும் அடுத்த பாளைக்குத்தான் காத்திருக்க வேண்டும். நல்ல மரம் நாளுக்கு 1 முதல் 2 லிட்டர் கொடுக்கும். அத்தனையும் ஒரேயடியாக நின்றிருந்தால், துக்கத்தோடு அரிசிக்கவலையும் அத்தையின் தலையில் விழுந்திருக்கும்.

சீவியதோடு அவர் போய்விடவில்லை. மூங்கில் குழாய்களை ஒவ்வொரு முறையும் கழுவினார். பழைய மண்டி தங்கினால் புதுக் கள் சட்டென்று புளித்துவிடும். மாமா போடும் அளவிலேயே பாரோக் கலந்தார். பாரோக் என்பது கண்டல் மரப்பட்டைத் தூள். பதநீர் புளிக்காதிருக்க நாம் சுண்ணாம்பு தடவுகிறோம். அங்கே கள் மெதுவாகப் புளிக்க இந்தப் பட்டை. செந்நிறமும் துவர்ப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. தண்டில் கால் வைக்கும் படிகளை மாமா வெளிப்பக்கம் சரிவாக வெட்டுவார், மழைநீர் தேங்கி மரம் அழுகிவிடக் கூடாதென்று. சிதைந்திருந்த படி ஒன்றைக் கும்பாரே அதே சரிவில் திருத்தி வைத்திருக்கிறார். அதை அவர் சொல்லவே இல்லை. பிறகு கொழுந்தனார் ஏறியபோதுதான் தெரிந்தது.

அந்த மரங்களில் பல, புயலுக்குப் பிறகு மாமா நட்டவை. 2013 நவம்பர் 8 அன்று வந்த யோலாண்டா, பிலிப்பைன்ஸில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைச் சேதப்படுத்தியது. விழுந்த மரத்தை மட்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். அதனால் மாமா முதலில் தோப்பைச் சுத்தம் செய்தார். தண்டின் வெளிப்புற வைரத்தை அறுத்துத் தூணும் சட்டமும் ஆக்கினார். மெத்தென்ற உள்தண்டு பாரம் தாங்காது, அதை எரித்தார். நெட்டை ரகக் கன்றுகளை நட்டு, அவை காய்க்கும்வரையான ஆறேழு வருஷத்தை இடையில் போட்ட மரவள்ளியையும் வாழையையும் வைத்தே ஓட்டினார். பிள்ளைகளில் ஒருவர் படிப்பும் நிற்கவில்லை. இப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரவெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த அக்கம்பக்கத்துப் பெண்கள், விழித்திருந்து சீட்டாடித் துணையிருந்த இளைஞர்கள், வாராய் மொழியில் ஜெபம் நடத்திய கோயில் அம்மாக்கள், உறையில் பணம் வைத்துப் பெயர்கூட எழுதாமல் போனவர்கள், சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பிய தோழிகள், விடாமல் போன் செய்த நம் ஊர் உறவுகள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

கும்பாரே இறக்கிய கள்ளில், வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீந்ததைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்திருக்கிறோம். தொடக்க வாரங்களில் அடிக்கடி வண்டல் நீக்கி வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும். எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும்; காற்றுக்கு இடம் விட்டால் காடியாகிவிடும். பக்குவமாகக் காத்தால் ஒரு வருஷத்தில் பஹலினா என்னும் முதிர்ந்த கள் ஆகும். முதலாம் ஆண்டு நினைவு நாளில், துக்க உடை களையும்போது, முதல் கோப்பை அவருக்குத்தான்.

மரங்களை விடப்போவதில்லை. இனி இரண்டு வேளையும் கொழுந்தனார்தான் ஏறுகிறார். பாளை கட்டுவதில் அவருக்கு இன்னும் கை படியவில்லை; கும்பாரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

நினைவு நாளுக்கு எங்கள் டுலாக் ஊருக்கு வர நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். டக்லோபான் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறோம்.

குடும்பத்தார் சார்பில்,
மூத்த மருமகள்