ஸ்டெம் செல் விளம்பரத்தில் பதிவு எண் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவ இணைப்பில், சர்க்கரையால் பழுதான கிட்னியை ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) போட்டுச் சரிசெய்வதாக ஒரு கிளினிக்கின் விளம்பரம் வந்திருந்தது. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் அண்ணன் வந்து நின்றார். சர்க்கரை வந்து 17 வருடம், கிட்னி பழுதாகும்போது ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.1, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகும் சிறுநீர் நுரை ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். அந்த கிளினிக்கில் கேட்டது 4 லட்சம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்கிறார்.

ஸ்டெம் செல்லே புரட்டு என்று நான் சொல்லவில்லை. சிறுநீரக வடிகட்டிகளில் சர்க்கரையால் காயம் உண்டாகும்போது மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுகின்றன, வந்தவை காயத்தை ஆற்றாமல் சண்டைக்கோலத்திலேயே நின்று அழற்சிப் பொருள்களைக் கக்கிக்கொண்டே இருப்பதால் நல்ல திசுவும் தழும்பாகிப்போகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள் இந்த மேக்ரோபேஜ்களைக் காயம் ஆற்றும் குணத்துக்குத் திருப்புவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, ரத்தத்தில் ஏற்றும் ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிச் சில நாளில் அழிந்துவிடுகின்றன. அவற்றை விழுங்கும் மேக்ரோபேஜ்தான் குணம் மாறுகிறது. புதுக் கிட்னி முளைப்பதுபோல் விளம்பரத்தில் போட்டிருந்த படம் சுத்தப் பொய்.

மனிதர்களில் நடந்ததோ மிகச் சிறிய சோதனைகள். 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 30 பேர். 2023இல் வெளியான ஐரோப்பாவின் நெஃப்ஸ்ட்ரோம் ஆய்வில் 16 பேர்தான், அதில் 12 பேருக்கு செல் கொடுத்து 18 மாதம் கவனித்தபோது சிறுநீரகச் செயல்திறன் குறையும் வேகம் மட்டுப்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் 12 பேரை வைத்துக்கொண்டு 4 லட்சம் வாங்கலாமா? ரத்த நோய்களுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்பது வேறு விஷயத்துக்கு. அந்த கிளினிக்கில் அண்ணனுக்கு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் ஆல்புமின் பரிசோதனைகூட எழுதவில்லை. அரசு மருத்துவமனையில் கிட்னி டாக்டரிடம் கூட்டிப்போன பிறகுதான் அதை எடுத்தார்கள், கிட்னி பழுதாவதை மட்டுப்படுத்தும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையும் அப்புறம்தான் ஆரம்பித்தார்கள். இந்த மாத்திரையைச் சோதிக்க 4,304 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மோசமாவது, செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதயநோயால் இறப்பது எல்லாம் சேர்ந்து 39 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் மலிவாகவே கிடைக்கிறது. இந்த மாத்திரையைப் பற்றி உங்கள் இணைப்பில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

இனி இப்படி விளம்பரம் கொண்டுவருபவர்களிடம், ஆய்வைப் பதிவு செய்தால் கிடைக்கும் மருத்துவ ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அச்சிடாதீர்கள். எண் இருந்தால், ஆய்வில் சேரும் நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்