சால்ஸ்பூர்க்கில் உன் அப்பா வித்தவுட்

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில், சம்பந்தி வீட்டார் அடுத்த மாதம் வருகிறார்கள், எங்களுக்கு எடுத்ததுபோல அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதுதான் ஜெர்மனி முழுக்க லோக்கல் வண்டிகளில் செல்லும் அந்த மாத பாஸ், எடுத்துவிட்டால் சால்ஸ்பூர்க், பாசல், ஸ்ட்ராஸ்பூர்க் எல்லாம் அதிலேயே சுற்றிவிடலாம் என்று சொன்னாய். நான் ‘உம்’ கொட்டிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை மாதமாக உன்னிடம் மறைத்த ஒரு சமாச்சாரத்தை இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போன வருஷம் ஜூலையில், நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை நானும் அம்மாவும் சால்ஸ்பூர்க் போனோம் அல்லவா? மோசார்ட் பிறந்த வீட்டைப் பார்த்தோம், கோட்டையைப் பார்த்தோம் என்று சொன்னோம். அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஹல்லைன் என்ற ஊருக்குக் கிளம்பியதையும், போகிற வழியில் உன் அப்பா வித்தவுட்டில் பிடிபட்டதையும் சொல்லவில்லை.

சிரிக்காதே. முப்பத்துநாலு வருஷம் டிக்கெட் பரிசோதித்தவன் நான். நடந்தது இதுதான். மியூனிக்கில் ஏறிய ரயில் நேராக சால்ஸ்பூர்க் போகும். அம்மாவுக்குக் காபி வேண்டியிருந்ததால் ஃப்ரைலாசிங்கில் இறங்கினோம். ஜெர்மனிப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் அது. காபி குடித்துவிட்டு அடுத்து வந்த எஸ்-3 லோக்கலில் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் சாலாக் என்று ஓர் ஆறு. அதுதான் எல்லை. கேட்டும் இல்லை, கொடியும் இல்லை. ஆஸ்திரியாவுக்கு வரவேற்கிறோம் என்று போனில் மெசேஜ் வந்தபிறகுதான் நாடு மாறியதே தெரிந்தது. சால்ஸ்பூர்க் பெரிய ஸ்டேஷன் வரை பாஸ் செல்லும் என்று நீ சொல்லியிருந்தாய், அது சரிதான். அங்கே முக்கால்வாசிப் பேர் இறங்கினார்கள். அம்மாவும் எழுந்தாள். “உட்காரு, இதே ரயில் ஹல்லைன் போகிறது, அங்கே உப்புச் சுரங்கம் இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருவோம்” என்றேன். ஆஸ்திரியாவுக்குள் செல்கிற பாஸ் ஆஸ்திரியா முழுக்கச் செல்லும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். உன் வயசு இருக்கும் ஒரு பெண், கையில் மெஷினோடு வந்தாள். போனை நீட்டினேன். பார்த்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், “சால்ஸ்பூர்க்கோடு முடிந்துவிட்டது” என்று மெதுவாகச் சொன்னாள். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “தெரியாமல் உட்கார்ந்துவிட்டோம் மேடம்.” அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் அந்த வசனத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! கேட்டுவிட்டு, இ.எஃப்.டி. என்கிற அபராத ரசீதுப் புத்தகத்தை எடுத்து இரக்கமில்லாமல் எழுதிக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அவளும் அப்படியேதான் செய்தாள். மரியாதையாகத்தான் செய்தாள். அவள் மேல் தப்பே இல்லை. தொகையைச் சொல்லமாட்டேன். இரண்டு மாதப் பால் காசு என்று அம்மா அங்கேயே கணக்குப் போட்டுவிட்டாள். சால்ஸ்பூர்க் என்றாலே உப்புக் கோட்டை என்று அர்த்தமாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்!

நான் கட்டியது நம் வீட்டோடு போயிற்று. சம்பந்தி கட்டினால் கதையே வேறு. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இது புரியாமல் போயிற்று என்று பிறகு யோசித்தேன். நம் ஊரில் சென்னையிலிருந்து வடக்கே போகிற வண்டி கூடூர் தாண்டினால் ரயில்வே மண்டலம் மாறும். ஆனால் டிக்கெட் டெல்லி வரைக்கும் அதேதான், பயணிக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் தாத்தா சின்ன வயசில் எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனவர். போட் மெயில். கடல் தாண்டியும் ஒரே டிக்கெட்தான் என்று பெருமையாகச் சொல்வார். 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதோடு அந்தத் தனுஷ்கோடி வழி முடிந்தது. இப்படி வளர்ந்தவனுக்கு, உட்கார்ந்த இடம் மாறாமலே டிக்கெட் செத்துப்போகும் என்று எப்படித் தோன்றும்?

அங்கே பாஸ் முடிகிற இடம் வேறு, நாடு முடிகிற இடம் வேறு. பக்கத்து ரயில்வேயோடு எந்த ஸ்டேஷன் வரை என்று பேசிவைத்திருக்கிறார்களோ அதுவரை செல்லும். அதனால்தான் சால்ஸ்பூர்க் வரை சரி, ஹல்லைன் ஆகாது. ஆஸ்திரியாவிலேயே குஃப்ஸ்டைன் என்ற ஊர் வரை சரி, அங்கிருந்து இன்ஸ்ப்ருக் போகத் தனி டிக்கெட். ஆஸ்திரியாக்காரர்களின் சொந்தப் பாஸான கிளிமாடிக்கெட்டில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. சால்ஸ்பூர்க்கிலிருந்து இன்ஸ்ப்ருக் போகும் அவர்கள் விரைவு ரயில் நடுவில் ரோசன்ஹைம் பக்கமாக ஜெர்மன் மண்ணில் ஓடுகிறது. அங்கே இறங்காதவரை பாஸ் செல்லும்.

நீங்கள் ஃப்ரைபுர்க்கில் மாப்பிள்ளையின் தங்கை வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னாய். அங்கிருந்து பாசலுக்கு லோக்கல் ரயிலில் போனால் பாடிஷர் பான்ஹோஃப் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அது இருப்பது சுவிஸ் மண்ணில், ஆனால் ஜெர்மன் ரயில்வேயின் ஸ்டேஷன். பாஸ் அதுவரை செல்லும். ஊரின் பெரிய ஸ்டேஷன் வேறே, பாசல் எஸ்.பி.பி. அங்கே போக 2-ம் நம்பர் டிராம் இருக்கிறது, ஏறும்முன் அந்த ஊர் டிக்கெட் வாங்கு. ஸ்ட்ராஸ்பூர்க் என்றால் ஆஃபன்புர்க்கில் மாறி ரைன் நதியின் ஜெர்மன் கரையில் இருக்கும் கேல் வரைதான் பாஸ். அதே ரயில் ஆற்றைத் தாண்டிப் போகும், அங்கேதான் என்னைப்போல் மாட்டுவீர்கள். கேலில் இறங்கிப் பாலம் தாண்டிப் போகும் டி டிராமில் தனி டிக்கெட்டோடு போங்கள். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி இல்லையென்றால் நடைபாலத்திலேயே பிரான்ஸுக்கு நடந்துவிடலாம். அதற்கு யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள்!

எனக்குப் பிடித்தது லக்ஸம்பர்க். 2020 பிப்ரவரி 29-லிருந்து அந்த நாட்டில் ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம், ரயிலில் முதல் வகுப்பு மட்டும் காசு. ஜெர்மனிப் பக்கம் ட்ரியர் என்ற ஊரில் ஏறினால் எல்லைவரை உங்கள் பாஸ், அதற்கப்புறம் அவர்கள் தயவு. கையில் காசில்லாமல் ஒரு நாட்டுக்குப் போகிற சந்தோஷத்தை ஒரு பழைய டி.டி.இ.யாகச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

அப்புறம், மியூனிக்கிலிருந்து சால்ஸ்பூர்க்குக்கு வேகமாகப் போகிற ரயில்ஜெட் வருமே, சம்பந்தி அதைப் பார்த்து ஆசைப்பட்டால் ஏறவிடாதே. இந்த வழியில் ஐ.சி.இ., ஐ.சி., ரயில்ஜெட் என்ற விரைவு ரயில்கள் எதிலும் இந்தப் பாஸ் செல்லாது. பாஸில் பேர் இருக்கிறது, ஒருவர் பாஸை இன்னொருவர் காட்ட முடியாது. அத்தோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள், 2015-லிருந்தே நடப்பதுதான். சம்பந்தி பாஸ்போர்ட்டை லாக்கரில் வைத்துப் பூட்டுகிற ஆள்.

அவர்கள் தேதியை முடிவுசெய்வதற்கு முன்னால் இன்னொன்றும் பார். காலண்டர் மாதக் கணக்கு என்பதால் 20-ம் தேதி வந்து அடுத்த மாதம் 12-ம் தேதி கிளம்பினால் இரண்டு மாதக் காசு போய்விடும். நாங்கள் வந்தபோது 58 யூரோ, இந்த வருஷம் 63 ஆகிவிட்டதாமே. நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். போன தடவை நீ மறந்து எங்களுக்கு ஒரு மாதம் வெட்டியாகக் கட்டினாய். அதையும் அம்மா மறக்கவில்லை.

அபராத ரசீதை நான் தூக்கிப்போடவில்லை. டிரங்குப் பெட்டியில், என் பழைய பேட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா சம்பந்தி கையில் முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறாள். இந்தக் கடிதத்தை மட்டும் அவர் கண்ணில் படும்படி வைத்துவிடாதே. ரயில்வே என்றால் எல்லாம் தெரிந்தவர் உங்கள் அப்பா என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா