பழைய கார் ரேடியேட்டரை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு வாகனப் பகுதியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வெயில்கால யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். டயர், பேட்டரி பற்றி எழுதியதெல்லாம் சரி. எஞ்சின் தண்ணீரைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் ஒழுகினால் பழுதுபார்க்க மெனக்கெட வேண்டாம், கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு அலுமினிய ரேடியேட்டர் மாட்டிக்கொள்ளுங்கள் என்று வந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நீராவி எஞ்சின்கள் பழுதுக்கு வந்துகொண்டிருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். கெட்ட தண்ணீர் உலோகத்தை என்ன செய்யும் என்பதை பாய்லர் குழாய்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1966-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையில் செய்த கார் அது. அந்த நிறுவனம் 1980களின் கடைசியில் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதற்கான ரேடியேட்டரைக் கடையில் கேட்டு வாங்க முடியாது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இந்தக் கார்களின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, நடுவில் மெல்லிய குழாய்கள், அவற்றைச் சுற்றிச் செம்புத் தகடுகள். எல்லாவற்றையும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று பிடித்துக்கொண்டிருக்கும். 200 டிகிரி அருகிலேயே இளகிவிடும் பற்று என்பதால், விவரம் தெரிந்த கை ஒரு பர்னரை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் பிரித்து மறுபடி சேர்த்துவிடும். இன்றைய கார்களில் குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான ‘கோர்’ அலுமினியம். அதன் விளிம்பை மடித்து, இடையில் ரப்பர் வைத்து, பிளாஸ்டிக் தொட்டியைப் பிடித்திருப்பார்கள். எடை குறைவு, புது வண்டிக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்டிக் வெடித்தால் பெரும்பாலும் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. உப்பு கலந்த தண்ணீர் உள்ளே போனாலோ அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். போர் தண்ணீர் உப்பாகிப்போன தெருக்கள் வட சென்னையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சென்ற கோடையில் மூலக்கடை சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றபோது என் வண்டியின் வெப்பமுள் ஏற ஆரம்பித்தது. ஓடும்போது ஏறாது, நின்றால் ஏறும். முன்னால் இருந்து காற்று வராதபோது ஃபேன் ஒன்றை நம்பித்தான் ரேடியேட்டர் இருக்கிறது, குழாய்களில் பாதி அடைத்திருந்தால் அது போதாது. லாரி ரேடியேட்டர் பார்க்கும் ஒரு பாயிடம் கழற்றிக் கொண்டுபோனேன். ஹெரால்டில் முன்மூடி மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், அதனால் கழற்றுவது சுலபம். அவர் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வந்த இடங்களில் குறி போட்டார். அப்புறம் மேல் தொட்டியைப் பற்று இளக்கிக் கழற்றினார். குழாய் வாய்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "சார், வாங்கி ஓட்டுனவங்க எல்லாரும் போர் தண்ணியத்தான் ஊத்திருக்காங்க" என்றார்.

ஒவ்வொரு குழாயாகத் தட்டைக் கம்பி விட்டு அடைப்பு எடுத்தார். ஒழுகிய இடங்களில் பழைய பற்றைச் சுரண்டி, ஆசிட் தடவி, பளபளவென்று செம்பு தெரிந்த பிறகுதான் புதுப் பற்று வைத்தார். அழுக்கின் மேல் வைத்த பற்று ஒரு மாதம் தாங்காது. அவசரக்காரர்கள் செய்யும் தவறே அதுதான். வேலை முடிந்ததும் மறுபடி காற்றேற்றித் தண்ணீரில் முக்கிக் காட்டினார். அதன் பிறகு முள் நடுவிலேயே நிற்கிறது.

எல்லா ரேடியேட்டரும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். விரல் பட்டாலே தகடுகள் உதிர்ந்தால், குழாய்கள் பல இடங்களில் மெலிந்திருந்தால், பற்று வைப்பது வீண். அப்போதும் பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் ‘கோர்’ பகுதியை மட்டும் புதுச் செம்பில் மாற்றலாம். வண்டிக்கு அளவெடுத்துச் செய்த தொட்டிகள் அவை. 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதில் சேஸி, பாடி, எஞ்சின் பற்றித்தான் பேச்சு, ரேடியேட்டரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இருந்தாலும் முன்மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதானே.

மஞ்சள்தூள் போட்டு ஒழுகலை அடைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நடுவழியில் நின்றவன் வீடு வந்து சேர அது உதவும். வந்ததும் கழுவி எடுக்காவிட்டால் அதே தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும். உள்ளே ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டரும், செம்பு–பித்தளைக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் கூலன்ட்டும்தான். வடித்த கூலன்ட்டைத் தயவுசெய்து யாரும் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் நக்கும், குடித்தால் சாகும்.

பற்று வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பாயின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஈயப் புகையில் உட்கார்ந்து வேலை செய்யச் சொல்லி நாம் யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் அரசு ஐடிஐகளில் புகைபோக்கியும் முகக்கவசமும் வைத்து இதை ஒரு குறுகிய காலப் பயிற்சியாகச் சொல்லித் தரலாம். பழைய கார்களுக்காக மட்டும் கேட்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளிலும் ஜெனரேட்டர்களிலும் செம்பு ரேடியேட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கோரிக்கையைத் தொழிலாளர் நலத்துறையின் கவனத்துக்கு உங்கள் பத்திரிகை கொண்டுபோனால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒரு திருத்தமும் அவசியம் வேண்டும். எந்த ரேடியேட்டர் மூடி கிடைத்தாலும் போடலாம் என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றின் மூடி சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 பவுண்டு அழுத்தத்துக்கானது. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 13 பவுண்டும் அதற்கு மேலும். அதைப் போட்டால் பழைய பற்று விட்டுப்போகும், ஹோஸ் வெடித்தால் கொதிநீர் அருகில் இருப்பவர் மேல் அடிக்கும். அடுத்த ஞாயிறு பகுதியிலேயே இதைத் திருத்திப் போடுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
பெரம்பூர், சென்னை.