மாசம் எவ்வளவு என்று கேட்டீர்களே, அப்பா

இர்விங், டெக்சஸ்
8.12.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் வீடு திரும்பிவிட்டதாகத் தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பெஞ்சல் புயல் போன மறுநாள் அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடுவதை டிவியில் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சேறு அள்ளும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன்.

போன வாரம் போனில் நான் கத்திச் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை. "எழுதிப் போடும்மா, நிதானமாப் படிச்சுக்கிறேன்" என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு வேலை போன பிறகு மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்கிறோம், மாசம் எவ்வளவு பிரீமியம் என்பதுதானே உங்கள் கேள்வி? கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுக்கு ஊர் முழுக்க ஆள் சேர்த்தவர் நீங்கள். பிரீமியத்தை முதலில் கேட்பது இயல்பு. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். அங்கேதான் தவறினேன். அதனால் நடந்தது முழுவதையும் எழுதுகிறேன்.

செப்டம்பரில் அவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போனது, செப்டம்பர் 30 வரைதான். இந்த ஊரில் காப்பீடு பெரும்பாலானவர்களுக்கு வேலையோடு ஒட்டியே வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ல், சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. ஆட்களைப் பிடித்து வைக்க முதலாளிகள் காப்பீடு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு வரிச்சலுகையும் கிடைத்ததால் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. நமக்கு உடம்புக்கு ஒன்று என்றால் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ பஸ் ஏறிவிடுவோம். இங்கே ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்பது காப்பீட்டு அட்டையைத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் அட்டை இல்லாவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்று 1986லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். பார்ப்பார்கள், அதற்கான பில் பின்னாலேயே வீட்டுக்கு வரும்.

வேலை போனவர்கள் பழைய கம்பெனிக் காப்பீட்டையே 18 மாதம் வரை வைத்துக்கொள்ள 'கோப்ரா' என்று ஒரு வழி உண்டு. கம்பெனி இதுவரை கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும், மேலே இரண்டு சதவீதத்தையும் நாமே கட்ட வேண்டும். சம்பளத்தில் மாதம் 420 டாலர் பிடித்துக்கொண்டிருந்த அதே காப்பீட்டுக்கு 2,100 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. சம்பளமே இல்லாதபோது இதெங்கே கட்டுவது என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நல்லவேளை, கிழித்துப் போடவில்லை.

பிறகு ஒருநாள் ராத்திரி இன்டர்நெட்டில் 'மலிவான குடும்பக் காப்பீடு' என்று தேடி, கேட்ட இடத்தில் என் போன் நம்பரைப் போட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் அழைப்புகள் தொடங்கின. மூன்று வாரம் ஓயவில்லை. அதில் ஒருவர் பொறுமையாகப் பேசினார். பாப்பாவுக்கு வீசிங் இருப்பதைச் சொன்னேன். "அதெல்லாம் கவலைப்படாதீர்கள், எந்த டாக்டரிடமும் போகலாம், குடும்பத்துக்கு மாதம் 289 டாலர், இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றார். கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டேன், அப்பா. பாலிசிப் பத்திரத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டீர்கள் நீங்கள். உங்கள் மகள் பத்திரம் வருவதற்கு முன்னாலேயே பணத்தைக் கட்டிவிட்டாள்.

அக்டோபர் 19, சனிக்கிழமை ராத்திரி பாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வீட்டில் நெபுலைசர் இரண்டு முறை வைத்தும் அடங்கவில்லை. விலா ஒட்டி ஒட்டி எழுந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குக் கொண்டு ஓடினோம். நான்கு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, இப்போது நன்றாக விளையாடுகிறாள், அம்மாவிடமும் சொல்லுங்கள். பில் 5,240 டாலர். நான் வாங்கியிருந்த பாலிசி அதற்குக் கொடுத்தது 150.

அன்றைக்குத்தான் பத்திரத்தை முழுக்கப் படித்தேன். அது காப்பீடே இல்லை என்று சொல்லிவிடலாம். பில் எவ்வளவு வந்தாலும் அதற்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் இவ்வளவு, எமர்ஜென்சிக்கு ஒரு தடவை போனால் இவ்வளவு என்று கணக்குப்படி ஒரு சின்னத் தொகை நம் கையில் வரும். 'இது முழு மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்று அல்ல' என்று எட்டாம் பக்கத்தில் எழுதியும் இருந்தது. உண்மையான காப்பீடு ஒன்று வைத்திருப்பவர்கள் மேல்துணையாக வாங்க வேண்டியது அது. ஊறுகாய் நல்லதுதான், சோறு இருந்தால். நான் வெறும் ஊறுகாயை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையைப் பந்தியில் உட்காரவைத்திருக்கிறேன். அந்த ராத்திரியை நினைத்தால் இன்னமும் வயிறு கலங்குகிறது.

எங்களைக் காப்பாற்றியது மடித்து வைத்த அந்த கோப்ரா கடிதம்தான். ஊர் நூலகத்தில் இலவசமாக வழிகாட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இப்படி உதவுகிறவர்களை இங்கே 'நேவிகேட்டர்' என்கிறார்கள். கமிஷன் கிடையாது, எதையும் விற்பதும் கிடையாது. கடிதத்தை வாங்கிப் படித்தவர், "இதை ஏற்க உங்களுக்கு அறுபது நாள் அவகாசம் இருக்கிறது. இப்போது ஏற்றுக்கொண்டு அக்டோபர் மாதத்துக்குப் பணம் கட்டினால், காப்பீடு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே இருந்ததாக ஆகிவிடும்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. நோய் வந்த பிறகு பின்தேதியிட்டு வாங்கலாமா? சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு 2,100 கட்டினோம். மார்ச்சில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததில் அந்த வருடத்துக்கு நாங்கள் முதலில் போட வேண்டிய கைக்காசு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. அதனால் பாப்பாவின் பில்லில் எங்கள் பங்கு 350 டாலரோடு முடிந்தது. 289 டாலர் பாலிசியை ரத்து செய்துவிட்டேன். கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பியது.

அதற்குப் பிறகு அந்த நேவிகேட்டர் அம்மா காட்டிய வழிதான் இப்போது எங்களுக்கு இருப்பது. ஒபாமா 2010ல் கையெழுத்திட்ட சட்டப்படி, வேலை வழியாகக் காப்பீடு இல்லாதவர்கள் தாங்களே வாங்க அரசாங்கம் ஒரு சந்தை வைத்திருக்கிறது. ஹெல்த்கேர் டாட் கவ் என்று பெயர். விற்பது தனியார் கம்பெனிகள்தான், விதிகள் அரசாங்கத்துடையவை. 2014லிருந்து இங்கே யாரையும் பழைய நோயைக் காட்டித் தள்ளிவிட முடியாது, அதற்காகக் கூடுதலாக வாங்கவும் முடியாது. அதற்கு முன்பென்றால் பாப்பாவின் வீசிங்கையும் என் தைராய்டையும் பார்த்து விண்ணப்பத்தையே திருப்பியிருக்கவும் கூடும். பிரசவம், மருந்து, ஆஸ்பத்திரி, மனநலம் என்று பத்து வகைச் சேவைகள் எல்லாத் திட்டத்திலும் இருந்தே ஆக வேண்டும். தடுப்பூசிக்குக் காசே இல்லை. காப்பீடு இழந்தால் அறுபது நாளுக்குள் எந்த மாதமானாலும் சேரலாம். அப்படித்தான் நவம்பர் 1 முதல் சேர்ந்தோம். மற்றவர்களுக்கு இந்த முறை நவம்பர் 1 முதல் ஜனவரி 15 வரைதான் கதவு திறந்திருக்கும்.

அந்த அம்மா என்னிடம் மாதக் கட்டணத்தைக் கடைசியில்தான் பேசினார். முதலில் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதச் சொன்னார். இங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் 'நெட்வொர்க்' என்று தனி டாக்டர் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாதவரிடம் போனால் செலவு நம் தலையில். பாப்பாவின் டாக்டர் இரண்டு திட்டங்களில்தான் இருந்தார். திரையில் மலிவாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு திட்டங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போயின.

திட்டங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரித்திருக்கிறார்கள். சராசரியாகச் செலவில் வெண்கலம் 60 சதவீதம் ஏற்கும், வெள்ளி 70, தங்கம் 80, பிளாட்டினம் 90. வெண்கலத்துக்கு மாதக் கட்டணம் குறைவு. ஆனால் உடம்புக்கு வந்தால் 'டிடக்டிபிள்', அதாவது முதலில் நாம் போட வேண்டிய கைக்காசு, ஆயிரக்கணக்கில் இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான் அப்பா: மாசம் எவ்வளவு என்பது ஆரோக்கியமாக இருக்கும் மாதத்தின் கணக்கு. ஒரு மோசமான வருடத்தில் மொத்தம் எவ்வளவு போகும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025ல் ஓர் ஆளுக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400. நெட்வொர்க்குக்குள் அதைத் தாண்டிய செலவு முழுவதும் கம்பெனியுடையது. 289 டாலர் பாலிசியில் அப்படி ஒரு வரம்பே இல்லை. வீடு போகுமா நிற்குமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கட்டணத்தில் பெரும்பகுதியை வருமானத்தைப் பார்த்து அரசாங்கமே கட்டிவிடுகிறது. அவர் இப்போது தனியாகக் காண்ட்ராக்ட் வேலை எடுத்துச் செய்கிறார். அடுத்த வருடம் 60,000 டாலர் வரும் என்று உத்தேசமாகப் போட்டிருக்கிறோம். டெக்சஸில் விலை நிர்ணயிக்கும் முறையால் பல இடங்களில் தங்கம் வெள்ளியை விட மலிவாக வருகிறது. எங்களுக்கும் அப்படியே வந்தது, தங்கத்தையே எடுத்தோம். மாதம் முழுக் கட்டணம் 1,300க்கு மேல், எங்கள் கையிலிருந்து 148. வருமானம் நினைத்ததைவிட ஏறினால் வரிக் கணக்குப் போடும்போது உதவியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். அதனால் அவருக்குப் புது வேலை வரும்போதெல்லாம் நான் போய் அந்த உத்தேச வருமானத்தை மாற்றிவிட வேண்டும். இந்த அளவு உதவி 2021ல் கூட்டிக் கொடுத்தது, 2025 முடியத்தான் சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நீட்டிக்காவிட்டால் சிரமம்தான். அந்தக் கவலை எனக்கு இருக்கிறது, உங்களிடம் மறைப்பதற்கு இல்லை. ஜனவரி முதல் தேதியிலிருந்து ஓட வேண்டுமானால் டிசம்பர் 15ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். நேற்று ராத்திரி முடித்துவிட்டேன். இந்தத் தடவை பத்திரம் முழுவதையும் படித்த பிறகு.

மேல்துணையாக இரண்டு மட்டும் எடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் இந்தக் காப்பீட்டில் வராது, அதற்குத் தனி பாலிசி. அவருடைய கடைவாய்ப் பல் எப்போது வேண்டுமானாலும் வேலை வைக்கும். ஆனால் பெரிய வேலைகளுக்குச் சில மாதம் காத்திருப்புக் காலம் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று விபத்துக்கு: எலும்பு முறிந்தால், தையல் போட்டால் கையில் பணமாகத் தரும், டிடக்டிபிள் கட்ட உதவும். பாப்பா ஜிம்னாஸ்டிக்ஸ் போகிறாள், அதனால்தான். புற்றுநோய், மாரடைப்பு வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் பாலிசியும் உண்டு. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வருகிறேன்.

இனி உங்கள் விஷயம். மே மாதம் வருகிறீர்கள் அல்லவா? சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சந்தையில் இடம் இல்லை. 65 வயதானவர்களுக்கான மெடிகேர் என்ற அரசாங்கக் காப்பீடும் இங்கே வசிக்கிறவர்களுக்குத்தான். உங்களுக்கென்று பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். அதிலும் இரண்டு ரகம். ஒன்று, ஒவ்வொரு வைத்தியத்துக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டி வைத்திருப்பது. அதை நான் தொட மாட்டேன். மற்றது, டிடக்டிபிள் போக மீதிச் செலவை வரம்பு வரை ஏற்பது. அதைத்தான் எடுக்கிறேன். உங்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வழக்கமான வைத்தியம் எதிலும் வராது. பழைய நோயே திடீரென்று முற்றினால் மட்டும் சில திட்டங்களில் கொடுப்பார்கள், அதுவும் பெரும்பாலும் 70 வயதுக்குள். உங்களுக்கு 68, இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டுவாருங்கள். அட்டைகளைப் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். அதற்கு முன் இருவரும் சர்க்கரைப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்து, அறிக்கைகளைத் தம்பியிடம் கொடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் திட்டம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அம்மா முழங்கால் வலியை மறைத்துவிடுவாள், நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான். பால்கனியில் ஏழு அகல் வைக்கலாம் என்று பாப்பா எண்ணி வைத்திருக்கிறாள். பரணில் இருந்த உங்கள் இரும்புப் பெட்டி, தபால் ஆபீஸ் ரசீதுகள் எல்லாம் தண்ணீரில் நனையவில்லையே? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்